இருபது மில்லிகிராமும் மலிவுக் கடையும்

பிரிட்டனில் மலிவு சூப்பர் மார்க்கெட்டுகளான ஆல்டி 1990-லும் லிடில் 1994-லும் கடை திறந்தபோது, கையில் காசு குறைந்தவர்கள் போகிற இடம் என்றே பலரும் அவற்றை ஒதுக்கினார்கள். இன்று அந்தக் கூச்சம் போய்விட்டது. 2022 செப்டம்பரில் மாரிசன்ஸை முந்திக்கொண்டு ஆல்டி அந்நாட்டின் நான்காவது பெரிய சூப்பர் மார்க்கெட் ஆனது. நடுத்தரக் குடும்பங்கள் வாராவாரம் அங்கே வண்டியை நிறைத்துக்கொண்டு போகின்றன. ஆனால் சீலியாக் நோய் உள்ளவர்களும், அந்த நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களும் இன்னும் வாசலில் தயங்கத்தான் செய்கிறார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இவர்களுக்கு ஆகாது. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது, விலை கூடினால் பத்திரமும் கூடும் என்பது அவர்கள் மனக்கணக்கு. புரிந்துகொள்ளக்கூடிய கணக்குதான், ஆனால் தப்பானது. குளூட்டன் விஷயத்தில் பாதுகாப்பை மில்லிகிராமில் அளந்து சொல்லிவிடலாம். அந்த அளவு விலைச்சீட்டில் தெரிவதில்லை. மலிவுக் கடையில் அபாயமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆட்கள் பயந்து தேடுகிற இடத்தில் இல்லாமல் வேறு சில இடங்களில் இருக்கிறது என்பதுதான் இங்கே வாதம்.

கடையில் எடுக்கவேண்டிய முடிவுகள் எல்லாம் நோயின் தன்மையிலிருந்தே வருவதால் அதை முதலில் சொல்லிவிடலாம். சீலியாக்கை அலர்ஜி என்று சொல்லும் வழக்கம் உண்டு, அது சரியில்லை. உடலின் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் குடலையே தாக்குகிற நோய் இது. குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிகுதி. புரோலின் அடர்ந்திருக்கும் இடங்களை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை. புரதத்தின் நீளமான துண்டுகள் அப்படியே சிறுகுடலுக்கு வந்துவிடுகின்றன. 33 அமினோ அமிலங்கள் கொண்ட அப்படியொரு துண்டை 2002-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இது யாருக்குமே சரியாகச் செரிப்பதில்லை, பெரும்பாலோருக்கு அதனால் கெடுதலும் இல்லை. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்றைக் கொண்டவர்களில் சிலருக்கு மட்டும், குடல் திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டைச் சற்றே மாற்றிவிட, வெள்ளை அணுக்கள் அதைப் பகை என்று எடுத்துக்கொள்கின்றன. உணவை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. பிறகு இரும்பும் கால்சியமும் உடம்பில் ஏறாமல் ரத்தசோகை, எலும்பு மெலிவு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு என்று வரிசையாக வரும். நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் கரெல் டிக்கே கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அந்தச் சந்தேகம் வலுத்தது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் அதை நிறுவினார். விலக்கி வைப்பதுதான் சிகிச்சை என்ற அவர் முடிவு இன்றுவரை மாறவில்லை.

எவ்வளவு விலக்கினால் போதும்? இந்தக் கேள்விக்கு உடம்பை நம்பிப் பதில் சொல்ல முடியாது. வயிற்றுவலியோ பேதியோ இல்லாமலே குடல் சேதமாகக்கூடும் என்பதால், ‘சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது சாட்சியாகாது. எண்தான் வேண்டும். இத்தாலியில் கார்லோ கட்டாஸி குழுவினர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணைத் தந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த 49 சீலியாக் நோயாளிகளைப் பிரித்து, 90 நாள் தினமும் சிலருக்கு 10 மில்லிகிராம் குளூட்டன், சிலருக்கு 50 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 50 மில்லிகிராம் எடுத்தவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. 10 மில்லிகிராம் குழுவில் பொதுவாக அப்படித் தெரியவில்லை, ஆனால் ஒருவருக்கு நோய் திரும்பியது. சிறிய ஆய்வுதான், எல்லாருக்கும் பொருந்தும் கோடு இதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாள் ஒன்றுக்கு 10 மில்லிகிராமைச் சுற்றி எல்லை இருக்கிறது, 50 நிச்சயம் அதிகம் என்ற அளவுக்குத் தெளிவு வந்தது. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 2,500 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அதன் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது கத்தியில் ஒட்டிய துகள்கள், தினமும் உள்ளே போனால் மூன்று மாதத்தில் குடல் தேயத் தொடங்கிவிடும். பயம் நியாயமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

சட்டத்தின் வரம்பை இந்த எண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இல் திருத்திய தரத்தின்படி, குளூட்டன் ஃப்ரீ என்று சொல்லப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 828/2014 என்ற விதி அதையே சட்டமாக்கியது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் அதை வைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இதே 20-தான். கிலோவுக்கு 20 என்றால் அரைக் கிலோவுக்கு 10. அதாவது வரம்பை முட்டிக்கொண்டு நிற்கும் உணவையே ஒருவர் நாளைக்கு அரைக் கிலோ தின்றால்தான் 10 மில்லிகிராம் சேரும். நாலு துண்டு குளூட்டன் ஃப்ரீ ரொட்டி சுமார் 140 கிராம். மோசமான நிலையிலும் அதில் மூன்று மில்லிகிராமைத் தாண்டாது. குறைந்த விலையில் லிடில் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாஸ்தாவுக்கும், மூன்று மடங்கு விலையில் வேறு கடையில் கிடைக்கும் பெயர்பெற்ற பிராண்டுக்கும் சட்டம் இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. குளூட்டன் ஃப்ரீ என்ற இரண்டு சொற்களை உறைமேல் அச்சடித்த நொடியில் இருவரும் ஒரே பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். குறுக்கே கோடிட்ட கதிர்ச் சின்னம் உறையில் இருந்தால் நல்லது, ஐரோப்பிய சீலியாக் சங்கங்கள் சோதனை நிபந்தனைகளோடு அதைத் தருகின்றன. ஆனால் அது உரிமம் பெற்று அச்சிடுகிற சின்னம். இல்லாத பொருளெல்லாம் சந்தேகத்துக்குரியது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சட்டம் காகிதத்தில் ஒன்றாக இருக்கலாம், மலிவாக விற்கிறவன் எங்கேயாவது கைவைத்துத்தானே விலையைக் குறைக்கிறான் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தக் கடைகளில் மலிவு எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைப் பொருள் இருக்கும். ஆல்டியில் சுமார் 2,000. தக்காளி சாஸ் பத்து வகை கிடையாது, ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றை மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்காமல் பெட்டியோடு தட்டில் வைக்கிறார்கள். விளம்பரச் செலவு சுமந்த பிராண்டுகளுக்குப் பதிலாகச் சொந்தப் பெயரில் விற்கிறார்கள். சோதனைச் செலவைக் குறைத்துத்தான் லாபம் பார்க்கவேண்டும் என்ற நிலை இதில் எங்கும் இல்லை. மறுபக்கம், புகழும் விலையும் காவல் நிற்பதில்லை என்பதற்கு உதாரணம் உண்டு. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ், குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்ட சீரியோஸ் பெட்டிகள் சுமார் 18 லட்சத்தைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. கலிபோர்னியாவில் லோடி ஆலைக்கு ரயிலில் வரவேண்டிய ஓட்ஸ் மாவு லாரிகளுக்கு மாற்றப்பட்டபோது கோதுமை மாவு அதில் கலந்துவிட்டது. அந்த நாட்டின் மிகப் பழகிய காலை உணவுகளில் ஒன்றுக்கே இது நடந்தது.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இருபது என்பது பூஜ்யம் இல்லையே, எதற்கு அந்த இருபதையும் விடவேண்டும்? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அப்படித்தான் நினைக்கின்றன. அங்கே குளூட்டன் ஃப்ரீ என்றால் சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸும் மால்ட்டும் சேர்க்கவும் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தென்படக் கூடாது’ என்பது கருவியின் கூர்மையைப் பொறுத்த எல்லை. இன்று உலகெங்கும் பயன்படும் ஆர்5 எலைசா சோதனை கிலோவுக்கு சுமார் மூன்று மில்லிகிராமிலிருந்துதான் கண்டுபிடிக்கத் தொடங்கும். கருவி இன்னும் கூர்மையானால் நேற்றுவரை விற்ற பிஸ்கட் இன்று சட்டத்துக்குப் புறம்பாகிவிடும். அதைத் தின்றவர்களின் குடல் எந்த மாற்றத்தையும் உணர்ந்திருக்காது. வரம்பைக் கண்டபடி இறுக்கினால் தயாரிப்பாளர்கள் பின்வாங்குவார்கள், கிடைக்கிற பொருள் குறையும், விலை ஏறும். குடலுக்கு எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து கிளம்பிய எண் என்பதால் இருபதை நான் ஏற்கிறேன். அதைவிடக் குறைந்த அளவிலும் துன்பப்படுகிற சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரோடு தனியாக வகுக்கவேண்டிய வழி அது.

மலிவுக் கடைமேல் உள்ள பழைய குறை பாதுகாப்பைப் பற்றியது இல்லை, கிடைப்பதைப் பற்றியது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்குக்காக, அன்றாடம் வாங்குகிற 20 உணவுகளின் குளூட்டன் இல்லாத வடிவங்களைத் தேடிப் போனார்கள். வழக்கமான பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் சராசரியாக 90 சதவீதம் கிடைத்தன. மலிவுக் கடைகளில் கிடைத்தது வெறும் 9 சதவீதம், தெருமுனைக் கடை அளவுக்குத்தான். கோதுமை உணவுகளுக்கு மாற்றாக வந்தவை 76 முதல் 518 சதவீதம் வரை விலை கூடியிருந்தன. அதற்குப் பிறகு ஆல்டியும் லிடிலும் தங்கள் சொந்தப் பெயரில் ‘ஃப்ரீ ஃப்ரம்’ அலமாரியை வைத்துவிட்டன, என்றாலும் அது இன்னும் குட்டி அலமாரிதான். ஆனால் அந்த 20 உணவுகள் எவை என்று பாருங்கள்: ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட், பீட்சா போன்றவை. கோதுமைப் பண்டத்தைக் கோதுமை இல்லாமல் நகலெடுத்தவை எல்லாம். ரொட்டி மாவு இழுபட்டு, காற்றைப் பிடித்துக்கொண்டு உப்புவதே குளூட்டனால்தான். அது இல்லாதபோது அரிசி மாவு, மரவள்ளி மாவு, சாந்தன் பிசின், இசப்கோல் உமி, முட்டை வெள்ளை என்று பலவற்றைச் சேர்த்து அந்த இழுவையைப் போலிசெய்ய வேண்டும். தனி இயந்திர வரிசை, தனிச் சோதனை வேறு. விலை அங்கேதான் ஏறுகிறது. கடையின் மற்ற நடைபாதைகளில் அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, பால், தயிர், மீன், கோழி, பழம், காய், உறையவைத்த பட்டாணி எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாமல், நாட்டிலேயே மலிவான விலையில் கிடக்கின்றன. அவற்றின்மேல் குளூட்டன் ஃப்ரீ என்று எழுதியிருக்காது. எல்லா அரிசியும் அப்படியே இருக்கும்போது தன் அரிசி மட்டும் விசேஷம் என்று காட்டிக்கொள்ளச் சட்டம் விடுவதில்லை. எழுதாமல் இருப்பது அபாயத்தின் அறிகுறி என்று பலர் நினைத்துக்கொள்வதுதான் வேதனை.

இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு வருகிறது. இயல்பில் குளூட்டன் இல்லாதது வேறு, கடைக்கு வரும்போது குளூட்டன் இல்லாமல் இருப்பது வேறு. அமெரிக்க உணவியலாளர் டிரிசியா தாம்ப்சன் குழுவினர் 2010-இல் குளூட்டன் ஃப்ரீ என்று முத்திரையிடாத 22 தானியங்கள், விதைகள், மாவுகளைச் சோதித்தார்கள். எல்லாமே இயல்பில் குளூட்டன் இல்லாதவை. அவற்றில் ஏழு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் கோட்டைத் தாண்டின. சோயா மாவு ஒன்றில் 2,925 மில்லிகிராம் இருந்தது. அந்த மாவில் 20 கிராம் எடுத்து அடை தட்டினால் 58 மில்லிகிராம் குளூட்டன், அதாவது கட்டாஸியின் ஆபத்துக் குழுவுக்குக் கொடுத்ததைவிட அதிகம். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கூர்ந்து பார்த்தால் வழியும் இதற்குள்ளேயே தெரிகிறது. கலப்பு நிலத்தில் பயிர் சுழற்சியிலும், அறுவடை எந்திரத்திலும், லாரியிலும், அரவை ஆலையிலும் நடக்கிறது. கோதுமை மணி ஒன்று சுமார் 40 மில்லிகிராம் எடை. அதில் குளூட்டன் ஏறக்குறைய நான்கு மில்லிகிராம். ஒரு கிலோ பருப்பில் ஐந்து கோதுமை மணி இருந்தால் கிலோவுக்கு 20 என்ற கோட்டைத் தொட்டுவிடும். முழுப் பருப்பில் அந்த ஐந்து மணியைக் கண்ணால் பார்க்கலாம், முறத்தில் புடைத்தோ தட்டில் பரப்பியோ பொறுக்கி எறியலாம், மேலே ஒட்டிய தூசியைக் கழுவி ஊற்றலாம். மாவாக அரைத்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே முழுதாக உள்ளதை எங்கே வேண்டுமானாலும் மலிவாக வாங்கலாம், மாவாக உள்ளதை மட்டும் குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கவேண்டும் என்ற பாகுபாடு, கடைகளைப் பாகுபடுத்துவதைவிட எவ்வளவோ பயனுள்ளது.

ஓட்ஸ் இந்தப் பாகுபாட்டுக்கு விலக்கு. முழுத் தானியம்போல் தோன்றினாலும் தட்டையாக நசுக்கிய பிறகு அதில் கலந்த பார்லியையும் கோதுமையையும் கண் பிரித்தறியாது. தாம்ப்சன் 2004-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில் மூன்று பிராண்டுகளின் 12 ஓட்ஸ் பொட்டலங்களில் ஒன்பது, கிலோவுக்கு 20-ஐத் தாண்டியிருந்தன, உச்சம் 1,807. ஒரே பிராண்டுக்குள்ளேயே பொட்டலத்துக்குப் பொட்டலம் வித்தியாசம் இருந்தது. எனவே சாதாரண ஓட்ஸ் எந்தக் கடையிலும் வேண்டாம். குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ் வாங்கலாம், ஆனால் ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாத சிறுபான்மையினர் இருப்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இனி லேபிள். ஐரோப்பாவில் 2014 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலுக்குள்ளேயே தனித்துத் தெரியும்படி அச்சிடவேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். குளூட்டன் என்ற சொல்லைத் தேடினால் ஏமாந்துபோவோம். தானியத்தின் பெயரைத்தான் போடுவார்கள்: கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ். இந்த நான்கையும் தேடுகிற கண்ணுக்கு எதிர்பாராத இடங்களில் அவை அகப்படும். பிரிட்டிஷ் சாசேஜில் இறைச்சியோடு ரஸ்க் தூள் இருக்கும், அது கோதுமை. கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தான், ஆனால் சுவைக்கு பார்லி மால்ட் சேர்ப்பதுண்டு. கிரேவித் தூள், சூப் கட்டி, சோயா சாஸ், மசாலா தடவிய சிப்ஸ், மொறுமொறுப்புக்காக மாவு பூசிய உறையவைத்த உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் இந்த வரிசை. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் கோதுமையும் பார்லியுமாகவே செய்யப்படுபவை. எதிர்த்திசையிலும் ஏமாறலாம். கோதுமையிலிருந்து எடுத்த குளூக்கோஸ் பாகிலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினிலும் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை என்பதால் சட்டமே அவற்றுக்கு விலக்கு தந்திருக்கிறது. குளூட்டனைக் கழுவி நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த ரொட்டியில், குளூட்டன் ஃப்ரீ என்ற முத்திரையும் கோதுமை என்ற தடித்த எழுத்தும் சேர்ந்தே இருக்கும். சீலியாக் நோயாளிக்கு அது ஆகும், கோதுமை அலர்ஜி உள்ளவருக்கு ஆகாது. ‘கோதுமை கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கையோ தயாரிப்பாளர் விரும்பினால் போடுவது. போட்டிருந்தால் மதிக்க வேண்டும். போடாததால் மட்டும் கலப்பு இல்லை என்றாகாது. அந்த உறுதியைத் தருவது அளவுக்குக் கட்டுப்பட்ட குளூட்டன் ஃப்ரீ முத்திரை மட்டுமே.

மலிவுக் கடைக்கே உரிய அபாயம் என்று நான் கருதுவது பொருள் மாறிக்கொண்டே இருப்பது. சொந்தப் பெயரில் விற்கிற கடை, விலை ஒத்துவராவிட்டால் ஆலையை மாற்றிவிடும். உறையின் நிறமும் படமும் பெயரும் அப்படியே இருக்க, உள்ளே செய்முறை மாறியிருக்கும். போன மாதம் சோள மாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப்பில் இந்த மாதம் கோதுமை மாவு இருக்கலாம். பெரிய பிராண்டுகளும் செய்முறையை மாற்றுவதுண்டு, ஆனால் இங்கே அது கூடுதல். ‘நான் எப்போதும் வாங்குகிறது’ என்ற நம்பிக்கை இந்தக் கடைகளில்தான் அதிகம் சறுக்குகிறது. கடை நடுவில் வாரத்துக்கு வாரம் மாறும் விசேஷச் சரக்கு வரிசையும் இப்படித்தான். இத்தாலி வாரம், கிறிஸ்துமஸ் வாரம் என்று வந்துபோகும் பொருள்களுக்குப் பழக்கம் உதவாது, ஒவ்வொன்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். அடுத்தது, லிடில் போன்ற கடைகளின் வாசலருகே சுடச்சுட மணக்கும் ரொட்டிப் பகுதி. அங்கே திறந்த பெட்டிகளில் உள்ள எதையும், அதன் பெயரில் கோதுமை இல்லாவிட்டாலும், எடுக்காமல் இருப்பதே சரி. ஒரே இடுக்கி எல்லாப் பெட்டிக்கும் போய்வருகிறது. பக்கத்து அலமாரியில் ஒட்டிச் சீலிட்ட பொட்டலத்துக்கு அந்த மாவுத் தூசியால் எதுவும் ஆகாது.

ஒவ்வொரு முறையும் எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்வது எளிது, இரண்டு வேலை பார்த்துவிட்டு அழுகிற குழந்தையோடு கடைக்கு வருகிறவரால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. சுமை உண்மையானது, அது சமமாகவும் இறங்கவில்லை. இங்கிலாந்தில் தேசிய மருத்துவச் சேவையின் மருந்துச்சீட்டில் பலவகைக் குளூட்டன் இல்லாத உணவுகள் கிடைத்த காலம் உண்டு. 2018 டிசம்பரில் அது ரொட்டி, மாவுக் கலவை என்று சுருங்கியது, பல வட்டாரங்கள் அதையும் நிறுத்திவிட்டன. ஸ்காட்லாந்தில் மருந்துக்கடை வழியாக இன்னும் கிடைக்கிறது. ஒரு நோய்க்கு உணவு மட்டுமே மருந்து என்றால் அந்த மருந்தின் விலையைச் சந்தையிடம் விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே நேரம், நகல் ரொட்டியை அடிப்படைத் தேவையாக வைத்துக்கொள்வதால்தான் செலவுக் கணக்கு இவ்வளவு பயமுறுத்துகிறது என்பதும் உண்மை. அந்த நகல்கள் பலவற்றில் புரதமும் நார்ச்சத்தும் குறைவு. அரிசியையே மூன்று வேளையும் நம்புவதிலும் சிக்கல் உண்டு, அரிசி மண்ணிலிருந்து ஆர்சனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகம் இழுக்கும். பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் தரவேண்டாம் என்று அரசே அறிவுறுத்துகிறது. உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, சோளம் என்று மாற்றி மாற்றி உண்பதற்குத் தேவையான எல்லாம் ஆல்டியின் அந்த 2,000 வகைக்குள் அடங்கும்.

லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் சாதகமும் உண்டு, கண்ணி ஒன்றும் உண்டு. இந்தியாவில் 23,331 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. நோய்க்கு இடம்தரும் மரபணு வகைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நாள்தோறும் உண்ணும் கோதுமைதான் வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். அரிசி உண்ட காரணத்தால் நோய் நம்மிடம் தலைகாட்டாமல் இருந்திருக்கலாம் என்று கருத இது இடம்தருகிறது. நோய் வந்தபின் இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிப் புட்டு என்று திரும்பிப்போக ஒரு சமையலே நமக்குக் கையில் இருக்கிறது; ரவை, சேமியா, மைதா மூன்றையும் விட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், பிசினின் காரத்தை அடக்க மாவு சேர்த்துச் செய்வது, அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை. கால் கிராம் பெருங்காயத்தில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் குளூட்டன் சுமார் 12 மில்லிகிராம். நாலு பேர் சாம்பாரில் தலைக்கு மூன்று. அதே நாளில் ரசத்திலும் கூட்டிலும் மோரிலும் போட்டால் பத்தை எட்டிவிடும், மற்ற உணவெல்லாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பி, பட்டியலில் தடித்த எழுத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.